குறுகிய கால நினைவு இருப்பது ஹிப்போகேம்பஸில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மறதி நோய் பற்றி எங்கே படித்தாலும், மூளையின் உட்பகுதியில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் பழுதானால் குறுகிய கால நினைவு போய்விடும் என்றே எழுதியிருக்கிறது. தயவுசெய்து இனி அப்படிப் போடாதீர்கள். அதை நம்பி நாங்கள் அம்மா விஷயத்தில் ஒரு வருடத்தைக் கோட்டைவிட்டோம். போன் நம்பரைச் சொன்னால் தடுமாறாமல் அழுத்துகிறார், சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்கிறார், அப்புறம் ஞாபகத்துக்கு என்ன குறை என்று இருந்துவிட்டோம். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு தடவை கேட்டபோது வேண்டுமென்றே கேட்கிறார் என்று நான் கத்தியும் இருக்கிறேன்.

கடைசியில் மருத்துவர் மூன்று சொற்களைச் சொன்னார்: மரம், சாவி, நீலம். அம்மா உடனே மூன்றையும் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு, "அந்த மூன்று சொல் என்னம்மா?" என்று கேட்டபோது, "எந்தச் சொல்?" என்றார். சொற்கள் மட்டுமல்ல, அவற்றைக் கேட்டதே நினைவில் இல்லை.

சில நொடிகளுக்கு மனதில் பிடித்து வைக்கிறோமே, அதுதான் குறுகிய கால நினைவு. அதில் பெரும்பங்கு மூளையின் முன்பகுதிப் புறணிக்கும் (மேலடுக்குக்கும்) அதோடு இணைந்த பகுதிகளுக்கும். ஹிப்போகேம்பஸின் முக்கிய வேலை அதற்கு அடுத்த கட்டம், அதாவது நடந்ததை நீடித்த நினைவாகப் பதிய வைப்பது. அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடும் இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் முப்பது வருடத்துக்கு முந்தைய கதையைச் சொல்பவருக்குக் காலையில் நடந்தது தெரிவதில்லை.

ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953ல் வலிப்பு நோய்க்காக, இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸின் ஒரு பெரும் பகுதியையும் சுற்றியிருந்த திசுக்களையும் அகற்றினார்கள். அவரிடம் 584 என்ற எண்ணைச் சொல்லி, தொந்தரவு செய்யாமல் உட்கார வைத்தபோது, எண்களைக் கூட்டியும் கழித்தும் மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்து 15 நிமிடம் கழித்துச் சரியாகச் சொன்னார். கவனம் வேறு பக்கம் திரும்பிய அடுத்த நிமிடமே எண் போய்விட்டது, ஒரு எண்ணைச் சொன்னார்கள் என்பதும் போய்விட்டது. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரை ஆராய்ந்து 1957ல் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஹிப்போகேம்பஸ் பற்றிய நம் புரிதலே மாறியது. எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்று இணைத்து வைப்பதில் சில நொடிகளுக்குக்கூட ஹிப்போகேம்பஸ் உதவுகிறது என்று இப்போது சிலர் வாதிடுகிறார்கள். அது தனி விவாதம்.

வீட்டில் சந்தேகம் இருப்பவர்கள், சொன்னதை உடனே திருப்பிச் சொல்கிறாரா என்று மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். நடுவில் வேறு பேச்சுப் பேசிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்