உப்பளத்திலிருந்து ஒரு கடிதம்

வேதாரண்யம்

அன்புள்ள குமாருக்கு,

இங்கு அனைவரும் நலம். சம்பா நெல்லைக் கொள்முதலில் போட்டாகிவிட்டது. உளுந்தும் மோசமில்லை. அக்காவின் முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை.

உன் மகள் நுண்ணுயிரியலில் ஆய்வுத் தலைப்பு தேடுவதாக எழுதியிருந்தாயே, அதற்காகவே இதை எழுதுகிறேன். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் இப்போது சில பாத்திகளில் நீர் ரோஸ் நிறமாக நிற்கிறது. உள்ளங்கையில் அள்ளினால் நிறம் வெளிறிவிடும். விரலிடுக்கில் காய்ந்ததும் வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். இப்படிப்பட்ட செம்மைக்குப் பெரும்பாலும் காரணம் உப்பில் செழிக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களும் துனாலியெல்லா என்ற பாசியும்தான். அவற்றைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இன்னொரு கூட்டத்தைத் தெரிந்துகொண்டேன்.

நம்மைப் போலவே ஆக்சிஜனைச் சுவாசித்து, நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் அவை. ஆனால் பாக்டீரியோகுளோரோபில் என்ற நிறமியைக் கொண்டு வெயிலையும் பிடிக்கின்றன! செடியைப் போல ஆக்சிஜனை வெளிவிடுவதில்லை. வெயிலை மட்டுமே நம்பிப் பிழைக்கவும் அவற்றால் முடியாது. வெயில் கிடைத்தால் தின்றதை எரிப்பது குறையும். மிச்சப்பட்டது உடம்பு வளர்க்கப் போகும். 1970களின் இறுதியில் ஜப்பானியர் கடலில் கண்டறிந்தார்கள். பிறகு கனடாவின் மஹோனி என்ற உப்பு ஏரியிலும் ரஷ்யாவின் காரத்தன்மை மிகுந்த சோடா ஏரிகளிலும் கிடைத்தன.

என்னை அசத்தியது வேறு. ஒளியைப் பிடிக்கும் நிறமியை இவை இருட்டில்தான் தயாரிக்கின்றன. வெளிச்சம் பட்டால் அந்த வேலை நின்றுவிடுகிறது. ஒளியும் ஆக்சிஜனும் சேரும் இடத்தில் அந்த நிறமி செல்லுக்கே கேடு விளைவிக்கக்கூடியது. அதனால்தான் கரோட்டினாய்டுகள் என்ற காப்பு நிறமிகளை ஏராளமாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் அவை தரும் நிறங்களே.

உவர் நிலம் என்றாலே ஒன்றுக்கும் ஆகாதது என்று நம் பக்கத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. உன் மகள் வந்து, உப்பு குறைவான முதல் பாத்தியிலிருந்து உப்பு விளையும் கடைசிப் பாத்தி வரை நீர் எடுத்துப் பார்க்கட்டும். பாக்டீரியோகுளோரோபில் அகச்சிவப்பில் ஒளிரும் என்பதால் தேடுவதற்கு வழி இருக்கிறது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு இப்போது மீண்டும் ரயில் ஓடுகிறது. ஐப்பசிக்குள் வரச் சொல். மழை விழுந்தால் பாத்திகள் முழுகிவிடும். உப்பளத்துக்காரரிடம் நான் பேசி வைக்கிறேன். எந்த வாரம் தோது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
செல்வம்