மணல் ஸ்கூப்: ஒடிவது பிடி, பழுது போல்ட்டில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஈஸ்ட் கோஸ்ட் பார்க், சாங்கி கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டரோடு மோதிரமும் நாணயமும் தேடுவோரைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரை நன்று. ஆனால், மணல் ஸ்கூப்பின் (மணலை அள்ளிச் சலிக்கும், நீண்ட பிடி வைத்த ஓட்டைக் கூடை) பிடி ஒடிந்தால் தடித்த குழாய் மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதை நம்பிக் குழாயை மட்டும் மாற்றுகிறவருக்கு அடுத்த மாதமும் அதே இடத்தில்தான் வளையும்.

கூடையை மிதித்து ஈரமணலில் இறக்கிவிட்டுப் பிடியைப் பின்னுக்கு இழுக்கிறோம். 110 செ.மீ. நீளப் பிடியின் நுனியில் 20 கிலோ அளவுக்கு இழுத்தாலே, பிடிக்குழாய் சாக்கெட்டுக்குள், அதாவது கூடையோடு பற்றவைத்த குழல் உறைக்குள், நுழையும் வாயில் ஏறக்குறைய 215 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் (வளைக்கும் விசை) விழும். 25 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனமுள்ள எவர்சில்வர் குழாயில் அது சதுர மில்லிமீட்டருக்கு 280 நியூட்டன் அழுத்தமாகும். 304 ரக எவர்சில்வரோ 210 வாக்கிலேயே நிமிராத வளைவு கொடுத்துவிடும். கனத்தை 3 மி.மீ. ஆக்கினாலும் தப்பாது, கணக்கு அந்த 210-லேயே வந்து நிற்கும். விட்டத்தை 38 மி.மீ. ஆக்கி, பழைய 2 மி.மீ. கனத்தையே வைத்தால் 110 சொச்சம்தான். கூட்ட வேண்டியது விட்டத்தை.

38 மி.மீ. எவர்சில்வர் குழாய் 120 செ.மீ. எடுத்தால் பிடி மட்டும் 2 கிலோவுக்கு மேல் போகும். கூடை 6 லிட்டர் கொள்ளுமென்றால் ஈரமணலே 12 கிலோ, நாள் முழுக்க யார் தூக்குவது? 6061-டி6 ரக அலுமினியக் குழாய் அதே அளவில் முக்கால் கிலோதான், வலுவும் போதும். கணு இல்லாமல், நார் நேராக ஓடும் 38 மி.மீ. கெட்டி மரமும் தாங்கும், ஒரு கிலோ ஒட்டி வரும். 25 மி.மீ. துடைப்பக் கட்டையை மட்டும் மாட்டாதீர்கள். உடைந்த சிம்பு முன்கையில் ஏறும்.

பெரும்பாலோர் தவறுவது, பிடியைச் சாக்கெட்டோடு பிணைக்கும் போல்ட்டைப் போடும் திசையில். பிடியைப் பின்னுக்கு இழுக்கும்போது குழாயின் முன்பக்கம் இழுபடுகிறது, பின்பக்கம் அமுங்குகிறது. இடமும் வலமும் உள்ள பக்கங்கள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. முன்னிருந்து பின்னாகப் போல்ட் செருகினால், சுமை உச்சத்தில் இருக்கும் இரண்டு இடங்களிலும் நாமே ஓட்டை போட்டதாகிவிடும். வளைந்த குழாய்களைக் கழற்றிப் பார்த்தால் துளை முட்டை வடிவில் நீண்டு, அதன் ஓரத்திலிருந்தே மடிப்பு தொடங்கியிருக்கும். ஆகவே இரண்டு போல்ட்டும் இடவலமாகத்தான் போக வேண்டும். ஒன்றுக்கொன்று குறுக்காகப் போடச் சொல்பவர்களும் உண்டு. பார்க்க நன்றாயிருக்கும், அவ்வளவுதான்.

சாக்கெட் 20 செ.மீ. ஆழமாவது இருக்கட்டும். பாதி ஆழமென்றால் அதன் விளிம்புகள் குழாயை நெரிக்கும் விசை இரட்டிப்பாகும். மேல் வாயிலிருந்து 4 செ.மீ. கீழே ஒரு துளை, அடியிலிருந்து 4 செ.மீ. மேலே இன்னொன்று. வாயை ஒட்டித் துளை வேண்டாம். முதலில் 4 மி.மீ., பிறகு 8 மி.மீ. துளைக்கம்பி. போல்ட் எளிதாக நுழையட்டும் என்று 9-ஐ எடுக்காதீர்கள், அந்த ஆட்டமே துளையைத் தின்றுவிடும். எவர்சில்வரில் டிரில்லை மெதுவாகச் சுற்றவிட்டு, எண்ணெய் விட்டு, விடாமல் அழுத்த வேண்டும். அழுத்தாமல் தேய்த்தால் அந்த இடம் இறுகிப்போய்த் துளைக்கம்பி மழுங்கும். (ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடி வீட்டில் இந்த வேலை வேண்டாம், மேல்வீடும் கீழ்வீடும் வாசலில் நிற்பார்கள்.) 60 மி.மீ. நீள எம்8 (8 மி.மீ. தடிமன்) போல்ட்டும் நைலான் வளையமுள்ள நட்டும் சரியாக இருக்கும். எவர்சில்வர் போல்ட்டும் எவர்சில்வர் நட்டும் காய்ந்த நிலையில் ஒன்றையொன்று கவ்வி இறுகிவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவி, கை ஸ்பானரால் முடுக்குங்கள்.

வெற்றுக் குழாயைப் போல்ட்டால் முடுக்கினால் நசுங்கும். உள்விட்டத்துக்கு ஏற்பச் செதுக்கிய 30 செ.மீ. கெட்டி மரத்துண்டை எபாக்சி பசை தடவி உள்ளே இறக்குங்கள். சாக்கெட்டைத் தாண்டி 10 செ.மீ. மேலே போக வேண்டும். மேல்முனையின் கடைசி 5 செ.மீ. கூம்பாகச் சீவியிருக்கட்டும், சப்பையாக வெட்டினால் அந்த இடத்திலேயே குழாய் மடியும். அடிவாய் அடைபடுவதால் மணல் ஏறாது என்பது கூடுதல் லாபம்.

அலுமினியம் எடுப்பவர்கள் உப்புத்தண்ணீரை மறக்கக் கூடாது. எவர்சில்வரோடு ஒட்டியிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். அந்த வெள்ளைப் பொடி உப்பிப் பிடியைச் சாக்கெட்டுக்குள் கவ்விக்கொள்ளும். உள்ளே போகும் பகுதிக்குச் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை மாட்டி, துளைகளில் கிரீஸ் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

பழைய சாக்கெட் 25 மி.மீ. என்றால் அதை அறுத்துவிட்டுப் புதிதாக ஆர்கான் வெல்டிங் செய்ய வேண்டியதுதான். கூடை 304 என்றால் 308எல் ரக வெல்டிங் கம்பி கேளுங்கள். வெல்டிங் ஓரத்தில் படியும் நீலத்தை எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். இரும்புப் பிரஷ் பட்டால் அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும்.

பிடி வலுத்ததும் சுமை கூடைக்குப் போகும், 1.5 மி.மீ. தகடு வெல்டிங் ஓரமாகக் கிழியும். அதே கையோடு 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் ஒரு பட்டையைச் சாக்கெட்டிலிருந்து கூடையின் மேல்விளிம்புக்கு இழுத்துப் பற்றவைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பிடோக்