வசூல் முகவர் மிரட்டினால்

ஆசிரியருக்கு,

தவணை தவறினால் வங்கி பணம் கேட்கும். சரி, அது நியாயம்தான். ஆனால் என் தங்கை கட்டத் தவறிய இரண்டு தவணைகளுக்காக ஒரு வசூல் முகவர் அவளுடைய அலுவலகத் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அவமானத்தில் மூன்று நாள் அவள் வேலைக்கே போகவில்லை.

இதற்கு எவருக்கும் உரிமை கிடையாது. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அனுப்பிய சுற்றறிக்கையே சொல்கிறது: காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர், நண்பர்களிடம் போய் மானத்தை வாங்கக் கூடாது. முகவர் வரம்பு மீறினாலும் கடன் கொடுத்த நிறுவனம்தான் பொறுப்பு.

வீட்டுக்கு வருபவரிடம் அடையாள அட்டையையும் வங்கி தந்த அங்கீகாரக் கடிதத்தையும் தயங்காமல் கேளுங்கள். அழைப்பு வந்த நேரம், எண், பேசியது எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். முதலில் கடன் கொடுத்தவருக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

என் தங்கைக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. இந்த விதிகளைக் கடன் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே, தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வங்கிகளுக்கு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகி