‘சோதிக்கப்பட்டது’ என்று ஒட்டிய உறைக்குள் தவறான டிஸ்க்: புகாரும் தீர்வுக் கோரிக்கையும்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (ஆர்டர் விவரம் இணைப்பில்),
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பயன்படுத்திய விளையாட்டு டிஸ்க் விற்பனைப் பிரிவு,
சென்னை.

நாள்: 19.05.2025

பொருள்: ‘கிங்டம் ஹார்ட்ஸ் முழுக் கதைத் தொகுப்பு, பிளேஸ்டேஷன் 4’ என்று விற்கப்பட்ட மூன்று டிஸ்க்குகளில் முதலாவது பிளேஸ்டேஷன் 3-க்கு உரியதாக இருந்தது – சரியான டிஸ்க் அல்லது முழுத் தொகை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஏப்ரல் 19 அன்று தங்கள் இணையதளத்தில் ரூ.5,400 செலுத்தி மேற்கண்ட வீடியோ விளையாட்டுத் தொகுப்பை வாங்கினேன். பயன்படுத்தியவை, ஆனால் ஒவ்வொன்றையும் பிளேஸ்டேஷன் 4-இல் ஓட்டிச் சோதித்த பிறகே அனுப்புகிறோம் என்றும், மூன்று டிஸ்க்குகளில் பத்துக் கதைகளும் அடங்கியுள்ளன என்றும் தங்கள் விற்பனைப் பக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்தின் படத்தை அன்றே எடுத்து வைத்திருந்தேன், இத்துடன் இணைத்துள்ளேன்.

ஏப்ரல் 24 அன்று பார்சல் வந்தது. மூன்று நீல நிற உறைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ‘சோதிக்கப்பட்டது’ என்ற மஞ்சள் ஸ்டிக்கர், அதன் மேல் யாரோ பேனாவால் போட்ட சிறு கையொப்பம். அன்றிரவே என் மகளை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, ‘1.5 + 2.5’ என்று அட்டையிட்ட முதல் உறையில் இருந்த டிஸ்க்கைக் கருவியில் செலுத்தினேன். அது ஓடவில்லை. துடைத்துப் போட்டேன், கருவியை அணைத்து மறுபடி இயக்கிப் போட்டேன், மற்ற இரண்டையும் (‘2.8’ தொகுப்பும் மூன்றாம் பாகமும்) போட்டுப் பார்த்தேன். அவை இரண்டும் ஓடின. இது மட்டும் ஓடவில்லை. மறுநாள் காலையிலேயே, அதாவது பொருள் கைக்கு வந்த மறுநாளே, தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தாங்கள் பின்னர் எடுத்துக்காட்டிய ‘ஏழு நாள்’ விதிதான்.

ஏப்ரல் 28 அன்று வந்த பதிலில், டிஸ்க்கில் கீறல் இல்லாததால் கோளாறு என் கருவியில்தான் இருக்க வேண்டும் என்றும், கருவியின் மென்பொருளைப் புதுப்பிக்குமாறும் கூறியிருந்தீர்கள். புதுப்பித்தேன், பயனில்லை என்று எழுதினேன். மே 2 அன்று, கருவியின் லென்ஸைச் சுத்தம் செய்து பாருங்கள் என்று அடுத்த அறிவுரை வந்தது. மே 5 அன்று கருவியையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு சிங்காரத்தோப்பில் உள்ள பழுதுபார்ப்பவரிடம் போனேன். அவர் லென்ஸைத் துடைத்து, ரூ.350 வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் டிஸ்க்கைக் கையில் எடுத்தார். டியூப்லைட்டுக்குக் கீழே சற்றே சாய்த்துப் பார்த்துவிட்டு, “சார், இது த்ரீ-க்கு உள்ள டிஸ்க் சார், ஃபோர்ல எப்படிச் சுத்தம் பண்ணாலும் ஓடாது” என்றார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் பிளேஸ்டேஷன் 3-இன் அடையாளம் சிறியதாக அச்சிடப்பட்டிருந்தது. அதோடு, டிஸ்க்கின் மேல் ‘1.5’ மட்டுமே இருந்தது, ‘2.5’ எங்குமே இல்லை. இதை நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. ஆனால் நான் கவனிக்கத் தவறியது ஒரு முறை. தங்கள் நிறுவனமோ வாங்கும்போதும், சோதிக்கும்போதும், ஸ்டிக்கர் ஒட்டும்போதும், உறையில் போடும்போதும் என்று நான்கு முறை தவறவிட்டிருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இன் டிஸ்க் எந்தப் பிளேஸ்டேஷன் 4-இலும் ஓடாது என்பதால், இதை ஒரே ஒரு தடவை கருவியில் போட்டுப் பார்த்திருந்தாலும் அந்த மஞ்சள் ஸ்டிக்கருக்கு வேலையே இருந்திருக்காது.

அன்றிரவே படங்களுடன் எழுதினேன். மே 8 அன்று தாங்கள் அனுப்பிய பதில்தான் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது. உறை பிரிக்கப்பட்டுவிட்டது, ஏழு நாள் கடந்துவிட்டது, எனவே திரும்பப் பெற இயலாது, நல்லெண்ண அடையாளமாக ரூ.200-க்குக் கூப்பன் தருகிறோம் என்று எழுதியதோடு நிற்காமல், “மூன்றாம் பாகம் நன்றாகவே ஓடுவதால் தாங்கள் அதிலிருந்தே விளையாடத் தொடங்கலாம், பழைய கதையின் சுருக்கம் அதிலேயே உள்ளது” என்றும் சேர்த்திருந்தீர்கள். பணத்தைவிட இந்த வரிதான் என்னை அதிகம் வருத்தியது. விற்கும் பொருள் இன்னதென்று அறியாமல் விற்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆகவே, இந்த ஒரு டிஸ்க் இல்லாவிட்டால் என்ன இல்லாமல் போகிறது என்பதைச் சற்று விளக்க அனுமதிக்க வேண்டுகிறேன்.

கிங்டம் ஹார்ட்ஸ் 2002-ஆம் ஆண்டு ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளிவந்த விளையாட்டு. ஸ்குவேர் நிறுவனத்தின் ஃபைனல் ஃபேன்டஸி விளையாட்டுத் தொடரின் வீரர்களையும் டிஸ்னியின் கார்ட்டூன் பாத்திரங்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்ததுதான் அதன் புதுமை. டெட்சுயா நோமுரா இயக்கத்தில், சோரா என்னும் சிறுவன் சாவி வடிவ வாளொன்றை ஏந்தி, டொனால்ட் டக்கும் கூஃபியும் உடன்வர உலகம் உலகமாகச் செல்லும் கதை அது. அதன் பிறகு வந்த பாகங்கள் ஒரே கருவியில் வரவில்லை. 2004-இல் கேம்பாய் அட்வான்ஸ், 2005-இல் மீண்டும் பிளேஸ்டேஷன் 2, 2009-இல் நின்டெண்டோ டிஎஸ், 2010-இல் பிஎஸ்பி, 2012-இல் 3டிஎஸ் என்று கதை கருவிக்குக் கருவி தாவியது. இடையில் கைப்பேசிக்கென்றும் ஒன்று வந்தது. பெயர்களும் 1.5, 2.5, 2.8, 0.2, 358/2 என்று கணக்குப் பதிவேடு எழுதுபவரையே தலைசுற்ற வைக்கும். இப்படிச் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி ஒரே இடத்தில் தருவதற்காகத்தான் 2017-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு ‘1.5 + 2.5’ தொகுப்பு வெளியிடப்பட்டது. அதில் ஆறு தலைப்புகள். நான்கு முழுமையாக விளையாடக்கூடியவை, இரண்டு காட்சித் தொகுப்புகளாக மட்டும் பார்க்கக்கூடியவை. தாங்கள் அனுப்பிய 2.8 டிஸ்க்கில் மூன்று தலைப்புகள், மூன்றாம் பாகம் ஒன்று. ஆக, தாங்கள் விற்ற பத்தில் என் கையில் ஓடுபவை நான்கே. நடுவாந்திரமான நான்கு என்றாலும் பரவாயில்லை. வெளிவந்த வரிசையில் கடைசி நான்கு.

பிளேஸ்டேஷன் 3 ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டலாமே என்று தங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் கூறினார். அவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: 2013-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த அந்த டிஸ்க்கில் மூன்று தலைப்புகள்தான் உண்டு. இரண்டாம் பாகமும், ‘பர்த் பை ஸ்லீப்’ என்னும் முன்கதையும் அதில் கிடையாது. இரவல் வாங்கினாலும் பாதிக் கதை கிடைக்காது.

தங்கள் அறிவுரைப்படி மூன்றாம் பாகத்தையும் ஒரு வாரம் விளையாடிப் பார்த்தோம் என்பதையும் பதிவு செய்கிறேன். பொம்மைகளின் உலகத்துக்குச் சென்றதும் சோராவும் டொனால்டும் கூஃபியுமே பொம்மைகளாக மாறி, மேசைக்கடியில் ஓடியதைப் பார்த்து என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அரக்கர்களின் நகரத்தில் முகமூடி அணிந்த ஒருவன் எதிரே வந்து நின்று, சோராவின் இதயத்துக்குள் வென்டஸ் என்ற வேறொருவன் உறங்கிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னபோது, அவள் கருவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, “அப்பா, வென்டஸ்னா யாரு? நாம எதையாவது விட்டுட்டோமா?” என்று கேட்டாள். விட்டுத்தான் விட்டோம். அதற்கான விடை, முதல் பாகத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பு நடக்கும் ‘பர்த் பை ஸ்லீப்’ கதையில் இருக்கிறது. அது வராத டிஸ்க்கில் இருக்கிறது. ரோக்சாஸ் யார், அவனை மீட்க ஏன் இத்தனை பேர் பதறுகிறார்கள் என்று அடுத்துக் கேட்டாள். அதுவும் அதே டிஸ்க்கில். மூன்றாம் பாகத்தில் உள்ள சுருக்கம் என்பது சில நிமிடக் காணொலிகள். முன்பே விளையாடியவர்களுக்கு நினைவூட்டத்தான் அவை உதவும். ராமாயணம் தெரியாதவருக்குப் பட்டாபிஷேகக் காட்சியை மட்டும் காட்டிவிட்டு, முன்கதை நுழைவுச்சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கிறது என்று சொல்வதைப் போல இருக்கிறது தங்கள் பதில்.

இன்னொன்றும் உண்டு. தங்கள் விற்பனைப் பக்கத்தில் ‘டிஸ்னியும் ஃபைனல் ஃபேன்டஸியும் கைகோக்கும் விளையாட்டு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். கல்லூரி நாட்களில் நண்பன் அறையில் ஃபைனல் ஃபேன்டஸி 7 விளையாடிய எனக்கு, அதன் நாயகன் கிளவுட் ஒலிம்பஸ் அரங்கில் சோராவை எதிர்த்து நிற்கும் இடத்தை மகளுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் இதை வாங்கியதற்கே பாதிக் காரணம். அந்த இடம் முதல் பாகத்தில் வருகிறது. ஃபைனல் ஃபேன்டஸியின் மற்ற வீரர்களான லியான், ஏரித், யூஃபி ஆகியோரும் ‘1.5 + 2.5’ தொகுப்பில் உள்ள பாகங்களில்தான் கதைக்குள் நடமாடுகிறார்கள். 2019-இல் வெளியான மூன்றாம் பாகத்தின் டிஸ்க்கில் அவர்களைத் தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். பிறகு தனியாக விற்கப்பட்ட கூடுதல் பகுதியில்தான் சிலர் வந்தார்கள். அதாவது, எந்தக் கைகோப்பைச் சொல்லி விற்றீர்களோ, அதில் ஒரு கை மொத்தமாகத் தாங்கள் அனுப்பாத டிஸ்க்கில் தங்கிவிட்டது.

முதல் பாகத்தில் சோரா தன் தீவை விட்டு முதலில் சென்று சேரும் ஊரில் டொனால்டின் மருமக்களான மூன்று வாத்துக்குஞ்சுகள் ஒரு கடை நடத்துகின்றன. கேட்ட பொருளைக் கேட்டபடி கொடுக்கும் கடை அது. மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இனிச் சட்ட நிலை. விளம்பரப்படுத்திய தன்மைகளோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளில் உள்ளது. உறையைப் பிரிக்காமல் உள்ளே இருப்பது எந்த டிஸ்க் என்று அறிய வாடிக்கையாளருக்கு வழியில்லை என்பதால், ‘உறை பிரிக்கப்பட்டது’ என்ற காரணம் இங்கே நிற்காது. ‘ஏழு நாள்’ என்பதும் நிற்காது. நான் புகார் அளித்தது பொருள் வந்த மறுநாளே, மீதி நாட்கள் கழிந்தவை தங்கள் அறிவுரைகளை நிறைவேற்றுவதில். அதே விதிகளின்படி புகார் கிடைத்த ஒரு மாதத்துக்குள் குறைதீர் அலுவலர் தீர்வு காண வேண்டும். என் முதல் புகார் ஏப்ரல் 25 தேதியிட்டது. அந்த ஒரு மாதம் வரும் மே 25-இல் முடிகிறது.

நான் வேண்டுவது இதுதான். பிளேஸ்டேஷன் 4-க்குரிய ‘1.5 + 2.5’ டிஸ்க்கை, உண்மையாகவே ஓட்டிப் பார்த்துவிட்டு, மே 31-க்குள் என் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். அது தங்களிடம் இல்லையெனில் மூன்று டிஸ்க்குகளையும் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு ரூ.5,400-ஐயும் திருப்பித் தாருங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திருப்பித் தருகிறோம் என்ற பேச்சுக்கு நான் உடன்பட மாட்டேன், ஏனெனில் முதல் பகுதி இல்லாத மற்ற இரண்டை நான் தனியே வாங்கியிருக்கவே மாட்டேன். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தங்கள் தவறான ஆலோசனையால் லென்ஸ் சுத்தத்துக்குச் செலவான ரூ.350-ஐ அத்துடன் சேர்த்துத் தர வேண்டும். ரூ.200 கூப்பன் எனக்கு வேண்டாம்; அதை இரத்து செய்துவிடலாம். விற்பனைப் பக்கத்தில் இன்றும் அதே தொகுப்பு அதே வாசகத்துடன் இருப்பதைக் காலையில் பார்த்தேன். கையிருப்பில் உள்ள மற்ற உறைகளையும் திறந்து பார்க்கும் வரையிலாவது அதை நிறுத்தி வைப்பது நல்லது.

மே 31-க்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு அளிப்பேன். வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே மனு அளிக்க 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு சிறிய தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை. அலைச்சல் எனக்கும் விருப்பமானதல்ல. ஆனால் ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது, விடுமுறைக்கென்று வாங்கிய விளையாட்டு விடுமுறையோடு முடிந்துபோகிறது, அதற்குப் பிறகு எனக்கு நேரம் இருக்கும்.

தவறாக வந்த டிஸ்க்கை அதே உறையில், அதே ஸ்டிக்கருடன் பத்திரமாக வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல வருபவரிடம் மாலை 6 மணிக்கு மேல் ஒப்படைக்க இயலும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: விற்பனைப் பக்கத்தின் படம், ரசீது நகல், டிஸ்க்கின் இருபுறப் படங்கள், ஏப்ரல் 25 முதல் மே 8 வரையிலான மின்னஞ்சல்கள், லென்ஸ் சுத்தம் செய்த ரசீது.