மழை ஊரில் குளிர்கால டயர் வேண்டுமா? நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது ஊரில் வீடு அமைந்துவிட்டது, தங்கைக்கு மருத்துவமனை வேலையும் நிரந்தரமாகிவிட்டது என்று படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. உன் மகனும் லைசென்ஸ் எடுத்துவிட்டான் என்று எழுதியிருக்கிறாய். வண்டிச் சாவி இனி மூன்று பேர் கையில் இருக்கப்போகிறது என்பதால், கடிதத்தின் கடைசியில் நீ போகிற போக்கில் கேட்டிருந்த கேள்விக்கே முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.

குளிர்காலம் முழுவதும் மழை பெய்துகொண்டிருக்கும், வெண்பனி எப்போதாவது விழுந்தாலும் மறுநாளே கரைந்துவிடும், இப்படிப்பட்ட ஊரில் குளிர்கால டயர் வாங்குவது அவசியமா, வீண் செலவா என்று கேட்டிருக்கிறாய். பக்கத்து வீட்டுக்காரர் கட்டாயம் வேண்டும் என்கிறார், உன்னோடு வேலை செய்பவரோ தேவையே இல்லை என்கிறார். இருவருமே வெண்பனியை மட்டும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. உன் ஊரில் அந்த டயர் உருளப்போவது பெரும்பாலும் ஈரச் சாலையில்தான். ஆகவே எந்த டயரை வாங்குவதானாலும் அது மழையில் எப்படி நிற்கும் என்பதை முதலில் பார்க்க வேண்டும், வெண்பனியில் எப்படிப் போகும் என்பதை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

டயரின் ரப்பர் குளிரில் இறுகும் என்பது உனக்குத் தெரியும். கோடைக்கால டயருக்கான ரப்பர் கலவை வெயிலில் இளகிவிடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. குளிர் கூடக்கூட அது விறைத்து, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமுங்கிப் பிடிக்கும் தன்மையை இழக்கிறது. குளிர்கால டயரின் கலவை அந்தக் குளிரிலும் நெகிழ்வாகவே இருக்கும். 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் டயரை மாற்றிவிட வேண்டும் என்று கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அது கோடு கிழித்தாற்போல ஒரே இடத்தில் மாறிவிடும் எல்லை அன்று. நல்ல கோடைக்கால டயர் 7 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் ஈரச் சாலையில் நன்றாகவே பிரேக் பிடிக்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரியில் மழை பெய்யும் ஒரு நாளில், குளிர்கால டயர் போட்ட வண்டி நிற்பதற்குத்தான் கூடுதல் தூரம் எடுத்துக்கொள்ளும். உன் ஊரின் குளிர்காலத்தில் அப்படிப்பட்ட நாட்கள் நிறைய வருமே! வெண்பனி விழும் ஓரிரு நாளுக்காக மற்ற நாட்களின் பிரேக்கை விட்டுக்கொடுக்கிறோமா என்று எண்ணிப் பார்க்காமல் யாரும் அந்த டயரை வாங்கக் கூடாது.

குளிர்கால டயர் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு என்பதை உன் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரா என்று தெரியவில்லை. மாதக்கணக்கில் ஐஸ் மூடிக் கிடக்கும் வடதுருவத்தை ஒட்டிய நாடுகளுக்காகச் செய்யப்படும் டயர் ஒரு வகை. 1934இல் முதல் குளிர்கால டயர் செய்யப்பட்ட பின்லாந்தில் இன்றும் ஓடுவது இவ்வகைதான். இதன் ரப்பர் மிக மென்மையானது; ஐஸில் ஒட்டிக்கொண்டு போகும், ஆனால் கொட்டும் மழையிலும் ஓரளவு வெதுவெதுப்பான சாலையிலும் தடுமாறும், விரைவாகத் தேய்ந்தும் போகும். மற்றொரு வகை, மழையும் சேறும் வெண்பனியும் மாறிமாறி வரும் மத்திய ஐரோப்பியச் சாலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்படுவது. அதன் ரப்பர் சற்றுக் கெட்டியாக இருக்கும், மழைநீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அகலமாக இருக்கும். உன் ஊரில் முதல் வகையை யாராவது தள்ளுபடியில் தருவதாகச் சொன்னாலும் வாங்கிவிடாதே.

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்படிகமும் பொறித்திருந்தால், அது வெண்பனியில் குறிப்பிட்ட சோதனையில் தேறிய டயர் என்று பொருள். 'எம் பிளஸ் எஸ்' என்று மட்டும் இருந்தால் அதற்குப் பின்னால் எந்தச் சோதனையும் இருக்க வேண்டியதில்லை; சேற்றுக்கும் வெண்பனிக்கும் ஏற்ற வடிவம் என்று தயாரிப்பாளர் தாமே சொல்லிக்கொள்வது அது. ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல், குளிர்காலச் சாலைக்கு மலைச்சின்னம் உள்ள டயரைத்தான் ஏற்கிறார்கள். ஆனால் அந்தச் சின்னத்துக்கான சோதனை இறுக்கமான வெண்பனியின் மேல் நடப்பது. மழையில் அந்த டயர் எப்படி நிற்கும் என்பதை அது சொல்லவே சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் டயரோடு வரும் லேபிளில் ஈரப்பிடிப்புக்கென்று 'ஏ' முதல் 'இ' வரை தனியாக ஒரு தரம் கொடுத்திருப்பார்கள். நீ கடையில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். உன் பகுதியில் அந்த லேபிள் இல்லையென்றால், ஈரச் சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்த ஒப்பீட்டுச் சோதனைகளை வண்டிப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அவற்றைத் தேடிப் படி.

உன் வீட்டில் மூன்று பேர் ஓட்டுகிறீர்கள் என்பதால் எனக்கு உண்மையில் கவலை தருவது டயர் நீரில் மிதந்துவிடும் நிலைதான். டயருக்கு முன்னால் தேங்கும் நீரை, பட்டன்களுக்கு (டயரின் முகத்திலுள்ள ரப்பர்க் கட்டிகளுக்கு) இடையிலுள்ள வரிப்பள்ளங்கள் வாரி வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாத வேகத்தில் போனால் டயர் நீரின் மேல் ஏறிவிடும்; ஸ்டியரிங் திடீரென்று லேசாகும், பிரேக்கை மிதித்தால் பதிலே இருக்காது. விமானச் சக்கரங்களை வைத்து 1960களில் நாசா ஆய்வாளர்கள் கண்ட எளிய கணக்கின்படி, இந்த வேகம் டயரிலுள்ள காற்றழுத்தத்தைப் பொறுத்தது: 32 பிஎஸ்ஐ அழுத்தமுள்ள டயருக்கு அது மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டர். நீரின் ஆழம் பள்ளத்தின் ஆழத்தை மிஞ்சிவிட்ட நிலைக்கு உரிய கணக்கு இது. பட்டன் நன்றாக இருக்கும் டயர் இதைவிட வேகத்திலும் சமாளிக்கும், காற்று குறைந்த மொட்டை டயர் இதற்கு முன்பே மிதந்துவிடும். நெடுஞ்சாலையில் எல்லோரும் சாதாரணமாகப் போகும் வேகம் இதுதான் என்பதை உன் மகனிடம் நீயே உட்கார வைத்துச் சொல்.

புது டயரின் பள்ளம் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டர் வரை ஓட்டலாம் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. மழை ஊரில் அந்த எல்லைவரை காத்திருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆஸ்திரியாவில் குளிர்கால டயருக்கு 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதைக் குளிர்கால டயராகவே கணக்கில் எடுப்பதில்லை. அதே அளவை நீ எல்லா டயருக்கும் வைத்துக்கொள். குளிர்கால டயரின் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால், அதன் முகத்தில் பிளேடால் கீறினாற்போல நெளிநெளியான மெல்லிய வெட்டுகள் திறந்து மூடுவது தெரியும். வெண்பனியைக் கவ்வுவதும், ஈரச் சாலையில் மீதமிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சிக்கொள்வதும் அந்த வெட்டுகள்தான். பல டயர்களில் அவை பள்ளத்தின் அடிவரை இறங்குவதில்லை. பாதி தேய்ந்ததும் அவை மறையத் தொடங்கும். அதற்குப் பிறகு சின்னம் பக்கவாட்டில் இருக்கும், வேலை நடக்காது.

தங்கை விடிவதற்கு முன்பே ஆற்றுப்பாலம் வழியாக வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். மிதமான ஊர்களில் மோசமான இடம் அதுதான். சாலைக்கு அடியில் மண் இருப்பதால் பகலின் வெப்பம் கொஞ்சம் தங்கியிருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்று வீசுவதால் அது இருபுறமும் குளிர்ந்துவிடும். மழை பெய்து ஓய்ந்து, பின்னிரவில் வானம் தெளிந்த நாளில், சாலை முழுவதும் வெறும் ஈரமாக இருக்க, பாலம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் பூசிக்கொண்டிருக்கும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய ஐஸின் மேல் மெல்லிய நீர்ப்படலமும் இருப்பதால், கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் ஐஸைவிட அது வழுக்கும். போன வருடம் அப்படி ஒரு விடியற்காலையில் நான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஓட்டியவர் அனுபவசாலி, டயரும் நல்ல குளிர்கால டயர். பாலத்தில் ஏறியதும் டயர்கள் நீரைச் சிதறடிக்கும் சத்தம் சட்டென்று நின்றது. அவர் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடியே தாண்டினார். எதிரே வந்த வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் அலைந்ததை நான் பார்த்தேன். இதற்கு டயர் கொஞ்சம் உதவும், முழுக்கக் காப்பாற்றாது. அந்த மாதிரிக் காலையில் அரைமணி நேரம் முன்பாகவே கிளம்பி மெதுவாகப் போவதும், முடிந்தால் பஸ்ஸில் போய்விடுவதும்தான் வழி என்று தங்கையிடம் நான் சொன்னதாகச் சொல்.

உன்னோடு வேலை செய்பவர், உன் வண்டியில் நான்கு சக்கரமும் இழுக்கும், அதனால் தேவையில்லை என்று சொன்னாராம். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி எளிதாகக் கிளம்பும், மேட்டில் ஏறும். ஆனால் பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிற்பதும் திரும்புவதும் டயரின் பிடியைப் பொறுத்தவை. எளிதாகக் கிளம்பிவிடுகிற வண்டி, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை ஓட்டுபவரிடமிருந்து மறைத்துவிடும் என்பதால் எனக்கு அந்த வாதம் கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அதேபோல, செலவைக் குறைக்க முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் குளிர்கால டயர் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. முன்பக்கம் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கி வண்டி சுழன்றுவிடும். போட்டால் நான்கும் போட வேண்டும்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தாய். இரண்டு செட் டயர் வைத்திருந்தால் செலவு இரட்டிப்பாகிவிடும் என்பது முழு உண்மை அன்று. ஒரு செட் ஓடும்போது மற்றது தேயாமல் இருக்கும். கூடுதலாக ஆவது டயரை மாட்டும் ரிம்கள் இன்னொரு செட்டுக்கும், வருடத்துக்கு இருமுறை மாற்றும் கூலிக்கும், கழற்றிய டயரை வெயிலும் வெப்பமும் படாமல் வைக்கும் இடத்துக்கும்தான். ஆனால் உன்னைப்போல் குறைவாக ஓட்டுபவர்களுக்கு வேறொரு கணக்கு உண்டு. ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வருடத்தோடு இறுகிக்கொண்டே போகும். குளிர்கால டயரின் பெருமையே அதன் மென்மைதான் என்பதால், பட்டன் நிறைய இருக்கும்போதே அதன் பயன் போய்விடும். நீ ஓட்டும் தூரத்துக்கு இரண்டாவது செட் தேயுமுன் கிழடாகிவிடும்.

இவையெல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது நான் உனக்குச் சொல்வது இதுதான்: குளிர்கால டயர் தனியாக வேண்டாம். மலைச்சின்னமும் உள்ள, ஈரப்பிடிப்பில் உயர்ந்த தரம் பெற்ற ஆல்-சீசன் டயர், அதாவது எல்லாப் பருவத்துக்குமான டயர், நான்கை வாங்கி, வருடம் முழுவதும் ஓட்டு. கடும் வெயிலில் அது கோடைக்கால டயருக்கு ஈடாகாது, அடர்ந்த வெண்பனியில் குளிர்கால டயருக்கு ஈடாகாது. உன் ஊரில் இரண்டுமே அரிது. மிச்சமாகும் பணத்தை, 4 மில்லிமீட்டரிலேயே டயரை மாற்றுவதற்கு என்று ஒதுக்கி வை. நீ ஆசைப்பட்டபடி வாரந்தோறும் மலைப்பாதையில் ஏறி இறங்கத் தொடங்கினால் மட்டும் இந்த முடிவு மாறும். அப்போது மத்திய ஐரோப்பிய வகைக் குளிர்கால டயர் ஒரு செட் வாங்கத்தான் வேண்டும், வெண்பனிக்காலம் முடிந்ததும் கழற்றியும் விட வேண்டும்.

இப்போது வண்டியில் இருக்கும் டயரை நாளைக் காலையே பார்த்துவிடு. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். '3521' என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. எண்ணைத் தேடும்போது ஒரு பக்கம் காணாவிட்டால் உள்பக்கம் குனிந்து பார். பள்ளத்தின் ஆழத்தை ஓரங்களிலும் நடுவிலும் தனித்தனியாக அள. காற்றையும் வண்டி ஓடுவதற்கு முன்பே சரிபார்; வெப்பநிலை ஐந்தாறு டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ இறங்கிவிடும் என்பதால், கோடையில் பிடித்த காற்று இப்போது போதாது.

அந்த நான்கு இலக்கங்களையும், பள்ளத்தின் அளவையும், பக்கவாட்டில் இருக்கும் டயர் அளவையும் எனக்கு எழுதி அனுப்பு. எந்த டயர் பொருந்தும் என்று நானும் இங்கே விசாரித்து வைக்கிறேன். தங்கைக்கும் பிள்ளைக்கும் எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்