அளவெடுக்காமல் விற்கப்பட்ட ரோடு சைக்கிள் தொடர்பான புகார்

அனுப்புநர்
தங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை.

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
சைக்கிள் விற்பனை நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: உடல் அளவுக்குப் பொருந்தாத ரோடு சைக்கிளையும் துணைப் பொருட்களையும் விற்றது – மாற்றித் தர மறுத்தது – சரியான அளவில் மாற்று அல்லது முழுத் தொகையைத் திருப்பித் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் தென்சென்னைக் கிளையில் கடந்த மாதம் ரூ.78,000 செலுத்தி என் முதல் ரோடு சைக்கிளையும், அதனுடன் ரூ.16,500-க்கு ஷூ, பெடல், ஹெல்மெட், சீட் உறை ஆகியவற்றையும் வாங்கினேன். அந்தச் சைக்கிள் என் உடலுக்கு இரண்டு அளவு பெரியது. வாங்கிய அதே வாரத்தில் கிளைக்குச் சென்று இதைத் தெரிவித்தும், ஓட்டிய சைக்கிளைத் திரும்ப எடுக்கும் வழக்கமில்லை என்று கூறித் திருப்பி அனுப்பினார்கள். அதனால்தான் தலைமை அலுவலகத்துக்கு இதை எழுத வேண்டியதாயிற்று.

கடைக்குள் நுழைந்ததுமே என் நிலையைத் தெளிவாகச் சொன்னேன். ரோடு சைக்கிளில் இதுவரை ஏறியதில்லை என்பதையும், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் கோவளம் வரை சென்று வர வேண்டும் என்பதையும், வார நாட்களில் மடிப்பாக்கம் பக்கமாக மெட்ரோ பணி நடக்கும் சாலைகளிலும் ஓட்ட வேண்டியிருக்கும் என்பதையும் விவரித்து, எனக்கு எந்த அளவு பொருந்தும் என்று அளந்து சொல்லுமாறு கேட்டேன். புதிதாக ஓட்டத் தொடங்குபவர்களுக்கு அளவெடுத்துத் தேர்வு செய்து தருவதாகக் கடையின் சுவரிலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதை நம்பித்தான் கேட்டேன். விற்பனையாளரோ அளவுநாடாவைக் கையில் எடுக்கவே இல்லை. என் உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு, “இது உங்களுக்கு கரெக்டா இருக்கும் மேடம், சீட்டை இறக்கிட்டா போதும்” என்று கூறி, 54 அளவுள்ள (ஃப்ரேம் எனும் உடற்சட்டத்தின் செ.மீ. அளவு) சைக்கிளைக் கடைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு என்னை உட்கார வைத்து இறக்கினார். வெளியே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்றதற்கு அனுமதி இல்லை என்றார். ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால்கூட அளவு ரவிக்கை கேட்காத தையற்காரர் இந்த ஊரில் இல்லை. எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஒரு பொருளை, அதிலும் நெரிசலான சாலையில் உயிரை நம்பி ஓட்ட வேண்டிய ஒன்றை, வெறும் கண்ணளவில் விற்றது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. எனக்குப் பொருந்தும் 49 அளவு அந்த நாளில் கையிருப்பில் இல்லை என்பதைக் கிளை ஊழியர் ஒருவரே பிற்பாடு தொலைபேசியில் தெரிவித்தார். இருப்பில் உள்ளதைத் தள்ளிவிட வேண்டும் என்பதற்காகவே எனக்கு இந்த அளவு தரப்பட்டது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

அளவைப் பற்றி நான் சொல்வது மனத்தோற்றம் அல்ல. செருப்பில்லாமல் சுவரையொட்டி நின்று, தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே சைக்கிள் சீட்டைப் போல மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் ஒருவருடைய உட்கால் உயரம் கிடைத்துவிடும். எளிய இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. என் உயரம் 158 செ.மீ.; உட்கால் உயரம் 73 செ.மீ. பரவலாகப் பயன்படும் கணக்கின்படி உட்கால் உயரத்தை 0.67-ஆல் பெருக்கினால் ஃப்ரேமின் தோராய அளவு வரும். எனக்கு அது 49-ஐ ஒட்டி வருகிறது. அதே 73-ஐ 0.883-ஆல் பெருக்கினால், பெடல்கள் பொருந்திச் சுழலும் கிராங்கின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் 64.5 செ.மீ. அளவில் கிடைக்கும். இவை இறுதியான அளவுகள் அல்ல, ஓட்டிப் பார்த்து அரை செ.மீ., ஒரு செ.மீ. திருத்த வேண்டியவை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் 49 என்று வரும் ஒருவருக்கு 54-ஐக் கொடுப்பது திருத்திச் சரிசெய்யக்கூடிய வேறுபாடு அல்ல.

சீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். ஃப்ரேமின் மேல் பாரை இறக்க முடியாது. எனக்கு விற்ற சைக்கிளில் சீட்டுக்கு முன்னால் நான் கால் ஊன்றி நிற்கும் இடத்தில் மேல் பார் தரையிலிருந்து 77 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. சாலையில் ஓட்டுபவருக்கு அந்த இடத்தில் குறைந்தது இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும் என்பார்கள். எனக்கோ இடைவெளிக்குப் பதிலாக நான்கு செ.மீ. பற்றாக்குறை. சிக்னலில் இரண்டு கால்களையும் தரையில் ஊன்ற முடியாமல், சைக்கிளை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டியிருக்கிறது. திருவான்மியூர் சிக்னலில் பக்கத்தில் மாநகரப் பேருந்து உரசிக்கொண்டு நிற்கும்போது அப்படிச் சாய்ந்து நிற்பது எத்தகைய அச்சத்தைத் தரும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உயரத்தைவிடவும் நீளம் தந்த துன்பம் அதிகம். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை உள்ள தூரம் என் உடலுக்கு மிகுதியாக இருப்பதால், முழங்கைகளை மடக்க இடமின்றி, உடலின் பாரம் முழுவதும் உள்ளங்கைகளில் இறங்குகிறது. ஹேண்டில்பாரின் அகலமும் என் தோளகலத்தைவிடக் கூடுதல். சிறிது தூரம் ஓட்டியதுமே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. உள்ளங்கையின் வெளிப்புற விளிம்பை ஒட்டிச் செல்லும் நரம்பு அழுந்துவதே இதற்குக் காரணம் என்றும், கை நீண்டு பாரம் ஏறும் இந்த நிலையிலேயே தொடர்ந்து ஓட்டக் கூடாது என்றும் பிசியோதெரபிஸ்ட் அறிவுறுத்தினார். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்தால் பிரேக் லீவர் என் விரல் நுனிக்கு மட்டுமே எட்டுகிறது. சிறிய கைகளுக்காக லீவரை உள்நோக்கிக் கொண்டுவரும் திருகு அந்த லீவரிலேயே இருக்கிறது. வீட்டருகே உள்ள மெக்கானிக் அதைக் காட்டிய பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. விற்கும்போது ஒரு நிமிடம் ஒதுக்கி அதைத் திருகியிருந்தால் குறைந்தபட்சம் பிரேக்காவது என் பிடிக்குள் வந்திருக்கும்.

கிளை மேலாளர் முன்வைத்த தீர்வு, ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்மை 60 மி.மீ. நீளமுள்ள ஒன்றாக மாற்றி, சீட்டை முடிந்தவரை முன்னே தள்ளித் தருவது. இதை நான் ஏற்கவில்லை. சீட்டின் முன்பின் நிலை, மிதிக்கும்போது முழங்காலும் பெடலும் எப்படி அமைகின்றன என்பதைப் பொறுத்து வைக்கப்பட வேண்டியது. கை எட்டவில்லை என்பதற்காக அதை முன்னே தள்ளினால் முழங்காலுக்குத் தொல்லை வரும். ஸ்டெம்மை அவ்வளவு குறுக்கினால் ஹேண்டில் திரும்பும் தன்மையே மாறிவிடும். இரண்டையும் செய்தாலும் மேல் பார் அதே 77 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும்.

பெடல் விஷயத்தில் நடந்ததை நான் தவறான தகவல் என்றே குறிப்பிட வேண்டும். இந்த வகைச் சைக்கிள்கள் பெரும்பாலும் பெடல் இல்லாமலே வருகின்றன என்பது உண்மை. ஆனால் ஷூவின் அடியில் பூட்டிக்கொள்ளும் பெடல் மட்டுமே இதில் பொருந்தும் என்று விற்பனையாளர் கூறியது உண்மையல்ல. கிராங்கின் மரை 9/16 அங்குலம் என்ற பொது அளவில் இருப்பதால், சாதாரணத் தட்டைப் பெடல் தாராளமாகப் பொருந்துகிறது. அதே மெக்கானிக் அதைப் பொருத்தியும் தந்தார். குதிகாலை வெளிப்புறமாகத் திருப்பினால்தான் ஷூ விடுபடும் என்பதையும், எளிதில் விடுபடும்படி அதன் இறுக்கத்தைத் தளர்த்தி வைக்கலாம் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சமநிலையே இன்னும் கைவராத ஒருவரை, பிரேக்கும் சரியாக எட்டாத ஒரு சைக்கிளில், காலையும் பூட்டிச் சென்னைப் போக்குவரத்துக்குள் அனுப்புவது பொறுப்பான செயல் அல்ல. முதல் நாளிலேயே மேடவாக்கம் பிரதான சாலையில், நிற்கும்போது கால் விடுபடாமல் இடப்பக்கம் சாய்ந்து விழுந்ததில் முழங்கையிலும் இடுப்பிலும் அடிபட்டது. பின்னால் வந்த ஆட்டோ ஓட்டுநர் உடனே நிறுத்தியதால் பெரிய விபத்து தவிர்ந்தது.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொடுத்திருப்பது 23 மி.மீ. அகலமுள்ள டயர். இவ்வளவு மெலிந்த டயரில் 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்று அடித்தால்தான் விளிம்பு அடிபட்டு ட்யூப் கடிபடாமல் இருக்கும்; அப்படி அடித்தால் தோண்டி மூடிய சாலையின் ஒவ்வொரு மேடும் முதுகுத்தண்டில் ஏறுகிறது. நான் ஓட்டப்போகும் சாலைகளைச் சொன்ன பிறகு, 28 அல்லது 32 மி.மீ. டயர் ஏற்கும் மாடலைத்தான் காட்டியிருக்க வேண்டும். இந்தச் சைக்கிளின் பிரேக் அமைப்பில் 25-க்கு மேல் போகாது என்று இப்போது சொல்கிறார்கள். மேலும் இதன் ட்யூபில் இருப்பது மெல்லிய ஃபிரெஞ்சு வால்வு. உள்ளகரம் அருகே காற்று இறங்கியபோது பஞ்சர் கடைப் பெரியவர் தொப்பியைக் கழற்றி, நுனியில் இருந்த சிறு மரையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நம்ம பம்பு இதுல உக்காராதும்மா, இதுக்குத் தனியா ஒண்ணு வெச்சிருப்பாங்க” என்று கையை விரித்தார். அந்தத் தனி ஒன்று ஒரு சிறிய பித்தளை அடாப்டர். கைக்குள் அடங்கிவிடும், விலையும் மிகக் குறைவு. அதையோ, மீட்டர் வைத்த பம்பையோ, மாற்று ட்யூபையோ, டயர் கழற்றும் நெம்புகோலையோ குறித்து ஒரு வார்த்தை சொல்லாமல், ஷூவுக்கும் சீட் உறைக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள். புதிதாக வாங்குபவருக்கு எது முதலில் தேவை, எது பிறகு போதும் என்பதை அறிந்த ஒருவர் அந்தக் கடையில் இருந்திருந்தால் இந்த வரிசை தலைகீழாகியிருக்காது.

ஹெல்மெட்டும் பெரியது: என் தலைச்சுற்று 54 செ.மீ., கொடுத்தது 58-க்கு மேற்பட்ட அளவு. பின்பக்கத் திருகை முழுவதும் இறுக்கிய பிறகும் தலையை அசைத்தால் கண்ணை மறைக்கிறது.

கியரைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். முன்னால் 50/34 பற்கள், பின்னால் 11–28 பற்கள் என்ற பற்சக்கர அமைப்பு மேடில்லாத சென்னைக்குத் தாராளமாகப் போதும். மாற்றும்போதும் பிசகின்றி விழுகிறது. பொருளின் தரம் மோசம் என்பது என் புகார் அல்ல. உரிய அளவில் தந்திருந்தால் இதே சைக்கிளைப் பல ஆண்டுகள் மகிழ்ச்சியோடு ஓட்டியிருப்பேன்.

ரசீதின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சிட்டிருப்பதையே கிளை மேலாளர் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)-இல் நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. ரசீதில் காலவரம்பு எதுவும் இல்லையெனில் 30 நாட்கள் என்றும் வகுத்துள்ளது. அளவெடுத்துத் தருவதாக விளம்பரப்படுத்திவிட்டு அளவெடுக்காமல் விற்றது சேவைக் குறைபாடு என்பதும் என் உறுதியான கருத்து. அந்த 30 நாட்களுக்குள்ளேயே நான் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் அதில் உள்ளது.

எனவே, அதே மாடலில் 49 அளவுள்ள புதிய சைக்கிளை, என்னை அளந்து, ஓட்டிப் பார்க்க வைத்து, சீட்டும் பிரேக் லீவரும் எனக்கேற்பப் பொருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அகலமான டயர் ஏற்கும் மாடல் அதே அளவில் இருந்தால், விலை வித்தியாசத்தைக் கணக்கிட்டு அதைப் பெற்றுக்கொள்ளவும் விருப்பமாக இருக்கிறேன். இரண்டும் இயலாதெனில் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். எதுவாயினும், ஷூவையும் பூட்டும் பெடலையும் திரும்ப எடுத்துக்கொண்டு அவற்றின் விலையைத் தருவதோடு, ஹெல்மெட்டை என் தலையளவுக்கு மாற்றித் தர வேண்டும். இனி முதல் சைக்கிள் வாங்க வரும் எவருக்கும் உட்கால் உயரத்தை அளந்து, பரிந்துரைத்த ஃப்ரேம் அளவோடு ரசீதிலேயே எழுதித் தருமாறு எல்லாக் கிளைகளுக்கும் தாங்கள் உத்தரவிட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறேன். நான் கிளைக்குச் சென்ற அன்று பள்ளி மாணவி ஒருத்திக்கு அவள் அப்பா இதே போல ஒரு சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கும் அளவுநாடா வெளியே வரவில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். பதில் இல்லையெனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நான் வசிக்கும் பகுதிக்கு உரிய மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். சைக்கிள் கூடுதலாக ஓட்டப்படாமல், துடைத்து, செயினுக்கு எண்ணெய் இட்டு வீட்டில் வைக்கப்பட்டுள்ளது. தங்கள் ஊழியர் வந்து பார்வையிட விரும்பினால் வார நாட்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு வரலாம். அளவுநாடாவுடன் வருமாறு சொல்லி அனுப்பவும்.

ரசீதின் நகல், கிளையில் கொடுத்த புகாரின் நகல், மேல் பார் உயரத்தை நாடாவுடன் காட்டும் புகைப்படங்கள், பிசியோதெரபிஸ்ட் எழுதிய குறிப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)