சக்கரம் வெளியே வரும் நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பைக்கின் பின் டயரை மாற்றப்போவதாகச் சொன்னாய். கடைக்காரர் இருபது நிமிடத்தில் முடித்துத் தருவார் என்று பெருமையாக வேறு சொன்னாய். அந்த இருபது நிமிடம்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் காகிதம் எடுத்தேன்.

டயரைப் போடுவதில் அவருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தை மட்டும் நீயே பார்த்து வாங்கு. 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் 12ஆவது வாரம் செய்தது. அம்புக்குறி இருந்தால் அது வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். டியூபும் புதிதாகவே இருக்கட்டும்.

என் கவலை சக்கரம் கழன்று தரையில் கிடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றியது. நம் ஸ்பிளெண்டரில் சக்கரத்தின் அச்சுக் கம்பியான ஆக்சிலை உருவினால் சக்கரம் மட்டும் தனியே வந்துவிடும். செயினும் அதன் பல்சக்கரமும் வண்டியிலேயே தங்கிவிடும். வேலைக்கு வசதிதான். ஆனால் அந்த வசதியாலேயே உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் பெட்டி அது.

முதலில் சக்கரத்தின் நடுக் குடமான ஹப்புக்குள் இருக்கும் நான்கு ரப்பர்களைப் பார். எஞ்சினின் இழுப்பு அவற்றின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. தீபாவளிக்கு வந்தபோது, மெதுவாகப் போகையில் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது என்றாயே, கார்புரேட்டர் என்று நீ சொன்னாய். எனக்கு அப்போதே இந்த ரப்பர் மேல்தான் சந்தேகம். நசுங்கி இடைவெளி விழுந்திருந்தால் நான்கையும் மாற்று. பழைய டியூபை வெட்டிச் சொருகித் தருகிறேன் என்பார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படிச் செய்தவன்தான். ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை.

பிறகு பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்று. வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போல இருந்தாலோ அசைவு தெரிந்தாலோ இரண்டு பக்கமும் மாற்றச் சொல். உள்ளே நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும். அதை மறந்துவிட்டு ஆக்சிலை இறுக்கினால் புதுப் பேரிங்கும் வீண்.

பிரேக் தூசியை வாயால் ஊதாதே, ஊதவும் விடாதே. ஈரத்துணியால் துடைக்கச் சொல். பிரேக் பிடிக்கும் கட்டையான ஷூவின் மேல் கிரீஸ் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது.

இப்போது, இத்தனை வருடம் சொல்லாத ஒன்று. அந்த ஷூக்களைத் தாங்கும் பிரேக் தட்டை, சக்கரத்தோடு சுற்றாமல் வண்டியோடு பிடித்து நிறுத்தும் ஒரு பட்டைக் கம்பி இருக்கிறது. 2006இல் தேனியில் ஒரு கல்யாணம். உசிலம்பட்டியில் டயர் போய்விட்டது. முகூர்த்தம் தவறிவிடும் என்று ஒரு கடையில் பையனைப் பாடாய்ப் படுத்தி மாற்றிக்கொண்டு கிளம்பினோம். ஆண்டிப்பட்டிக் கணவாய் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். படார் என்று ஒரு சத்தம். அந்தக் கம்பியின் நட்டை முடுக்காமல் விட்டிருந்தார்கள். தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடை வளைத்துவிட்டது. முன்னால் நீ, பின்னால் அம்மா. முன் பிரேக்கையும் கியரையும் வைத்து எப்படியோ ஓரம் கட்டினேன். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ புளியமரத்தடியில் புளியங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாய். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவசரப்படுத்தியது நான்.

ஆகவே பக்கத்திலேயே நில், ஆனால் அவரை விரட்டாதே. அந்தக் கம்பியின் நட்டையும், அது கழலாமல் இருக்கச் செருகும் ஊசியையும் உன் கண்ணால் பார்த்த பிறகே பணத்தைக் கொடு. செயின் இறுக்கத்துக்கு இரு பக்கமும் உள்ள கோடுகள் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று குனிந்து பார். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பார். சுட்டால் பிரேக் உரசுகிறது, திரும்பிப் போய்த் தளர்த்தச் சொல். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும். ஓசூர் மழையில் வளைவுகளில் சாய்க்காதே.

இந்தப் பார்சலில் நான்கு ரப்பர்கள் வைத்திருக்கிறேன், இங்கேயே பார்த்து வாங்கியவை. நான் கவனிக்காத நேரத்தில் அம்மா அதே பெட்டியில் எள்ளுருண்டையையும் வைத்துவிட்டாள். ரப்பர் வாசம் ஏறுவதற்குள் அதை எடுத்துவிடு.

அப்பா